1833-இல் போட்ட கோடுகள்: ஸ்பெயின் தேர்தல் நாட்குறிப்பு

ஜூலை 20, 2023, வியாழன். மாட்ரிட்

ஸ்பெயின் நாடாளுமன்றத்தின் முன்படிகளில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. 1860-இல் மொராக்கோ போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. உள்ளே அவை மண்டபத்தின் கூரையில் 1981 பிப்ரவரி 23 அன்று ஆட்சியைக் கவிழ்க்க ஆயுதத்தோடு புகுந்த சிவில் காவலர்கள் சுட்ட தோட்டாத் துளைகள் இன்றும் இருக்கின்றன. உள்ளே போக வழியில்லை. அவை கலைந்துவிட்டது. இடைக்காலத்துக்கென்று ஒரு நிலைக்குழு மட்டும் இருக்கிறது.

மே 28 அன்று நடந்த உள்ளாட்சி, மாநிலத் தேர்தல்களில் ஆளும் சோசலிஸ்ட் கட்சிக்குப் பலத்த அடி. மறுநாள் காலையே பிரதமர் பெத்ரோ சான்செஸ் பொதுத் தேர்தலை அறிவித்துவிட்டார். கலைப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டவர் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே. ஆனால் முடிவு மன்னருடையது அல்ல. பிரதமர் கேட்பார், மன்னர் ஆணையிடுவார். 1978 அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே இந்த நாட்டை ‘நாடாளுமன்ற முடியாட்சி’ என்று சொல்லிவிடுகிறது. முடி ஒரு பக்கம் இருக்கும், ஆட்சி நாடாளுமன்றத்திலிருந்துதான் பிறக்கும். பொதுத் தேர்தலில் மன்னர் வாக்களிக்கும் வழக்கமும் கிடையாது.

ஆணை அரசிதழில் வந்த நாளிலிருந்து 54-ஆம் நாள் வாக்குப்பதிவு என்று சட்டம் கணக்காகச் சொல்கிறது. மே 30-இலிருந்து எண்ணினால் ஜூலை 23. கோடை விடுமுறையின் நடுப்பகுதி. 1977-இல் ஜனநாயகம் திரும்பிய பிறகு இங்கே இவ்வளவு உச்சிக் கோடையில் பொதுத் தேர்தல் நடந்ததே இல்லை. பாதி நாடு கடற்கரையில் இருக்கும் சமயம். அதனால்தான் தபால் வாக்குக்கு 26 லட்சம் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

மகள் குடியிருக்கும் தெருவின் தபால் நிலையத்தில் இன்று மதியம் வரிசை வாசலுக்கு வெளியே வந்துவிட்டது. கையில் உறை, மறு கையில் அடையாள அட்டை. அட்டையைக் காட்டினால்தான் உறையை வாங்குகிறார்கள். இந்தக் கட்டுப்பாடு புதியது. மே மாதத் தேர்தலில் மெலில்லா நகரில் தபால் வாக்குகளை விலைக்கு வாங்கிய விவகாரம் வெடித்த பிறகு வந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். தேர்தல் பணிக்குப் போகும்போதெல்லாம் படிவம் 12 நிரப்பித் தபால் வாக்குப் போட்டிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் பணியில் இருக்கிறவர்களுக்கான ஏற்பாடு அது. இங்கே காரணமே சொல்ல வேண்டாம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். இந்த வரிசையில் நிற்கும் இளம் பிள்ளைகளைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

நேற்றிரவு அரசுத் தொலைக்காட்சியில் தலைவர்களின் விவாதம். சான்செஸ், இடதுசாரி சூமார் கூட்டணியின் யோலாந்தா தியாஸ், வலதுகோடியிலுள்ள வோக்ஸ் கட்சியின் அபாஸ்கால் மூவரும் வந்தார்கள். முதலிடத்துக்கு வருவார் என்று எல்லோரும் சொல்லும் வலதுசாரி மக்கள் கட்சியின் ஃபெய்ஹோ வரவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆளக் கேட்கிறவர் வந்து பேச வேண்டும்.

நாளை சோரியாவுக்கு ரயில். தேர்தலைத் தலைநகரில் பார்க்காமல் ஏன் அங்கே என்று மகளின் தோழிகள் கேட்டார்கள். மாட்ரிட் மாகாணத்துக்கு 37 இடங்கள், சோரியாவுக்கு 2. அந்த இரண்டு எப்படி நிரம்புகிறது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

ஜூலை 21, வெள்ளி. ரயிலிலும் சோரியாவிலும்

மாட்ரிட்டிலிருந்து சோரியா சுமார் மூன்று மணி நேரம். அதிவேக ரயில்களுக்குப் பேர்போன நாட்டில் இது மெல்லப் போகிற வண்டி. சிகுவென்சா தாண்டியதும் அறுத்து முடித்த கோதுமை வயல்கள்தான், மனிதத் தலையே இல்லை. சோரியா மாகாணம் 10,300 சதுர கிலோமீட்டர். அதாவது தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. மக்கள் தொகை 89 ஆயிரத்துக்கும் குறைவு.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். அல்மாசான் ஊர்க்காரர், மாட்ரிட்டில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வாக்களிப்பதற்காகத் திரும்புகிறாராம். மகள்தான் மொழிபெயர்த்தாள். “எங்கள் வாக்குக்கு மாட்ரிட்காரன் வாக்கைவிட நாலு மடங்கு மதிப்பு என்று டிவியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் ஊர் டாக்டர் ஏன் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார்?”

அவர் சொன்ன நாலு மடங்கு சரியான கணக்குதான். கீழவையில் 350 இடங்கள். 50 மாகாணங்களுக்கும் மக்கள் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆளுக்கு 2 இடங்களை முதலில் கொடுத்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூத்தா, மெலில்லா நகரங்களுக்கு ஒவ்வொன்று. மீதமுள்ள 248-ஐத்தான் மக்கள் தொகைப்படி பங்கிடுகிறார்கள். மாட்ரிட் மாகாணத்தில் சுமார் 67.5 லட்சம் பேர், 37 இடம். ஓர் இடத்துக்கு 1.82 லட்சம் பேர். சோரியாவில் ஓர் இடத்துக்கு 44 ஆயிரம் பேர். பார்சிலோனா மாகாணத்தின் 32 இடங்களும் ஏறக்குறைய மாட்ரிட் கணக்குதான்.

இந்த மாகாண எல்லைகளை யார் போட்டார்கள்? 1833 நவம்பர் 30-இல் ஹாவியேர் தெ பூர்கோஸ் என்ற அமைச்சர் வெளியிட்ட ஆணையில் 49 மாகாணங்கள் பிறந்தன. அப்போது அரசி இரண்டாம் இசபெல்லுக்கு மூன்று வயது, தாய்தான் அவள் பேரில் ஆண்டாள். மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தும் தலைநகருக்கு ஒரே நாளில் குதிரையில் வந்துவிட வேண்டும் என்பது கணக்கு என்று சொல்வார்கள். 1927-இல் கனேரித் தீவுகளை இரண்டாக்கியதில் 50 ஆனது. வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் போட்ட கோடுகள் அவை. தேர்தல் என்பதை யாரும் இந்த வடிவில் நினைத்தே பார்க்காத காலம். பிறகு தொழிற்சாலைகள் வந்தன, சோரியா காலியானது, மாட்ரிட் வீங்கியது. கோடுகள் அப்படியே இருக்கின்றன. 1978 சாசனம் மாகாணம்தான் தொகுதி என்று எழுதிவிட்டதால் சாதாரணச் சட்டத்தால் அதை அசைக்க முடியாது. நம் ஊரில் தொகுதி மறுவரையறை என்றாலே எல்லைகளை மாற்றுவார்கள். இங்கே எல்லை மாறாது, இடங்களின் எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கூடிக் குறையும்.

இரவு பன்னிரண்டோடு பிரச்சாரம் முடிகிறது. சோரியாவின் பெரிய பூங்காவை ஒட்டிய தெருவில் மக்கள் கட்சியினர் சிலர் கடைசித் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி சோசலிஸ்ட் கட்சியினர். இரண்டு குழுவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டிருந்தது. சின்ன ஊர்.

ஜூலை 22, சனி. சோரியா

இன்று ‘சிந்தனை நாள்’. ஒருவரும் வாக்குக் கேட்கக் கூடாது, கூட்டம் கூடாது. கருத்துக்கணிப்புகளை ஐந்து நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆனால் பக்கத்திலுள்ள அந்தோராவுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அங்கிருந்து வரும் கணிப்புகளைப் பழக்கடை விலைப்பட்டியல் மாதிரி ஆக்கிக் கட்சிகளுக்குப் பழப் பெயர் வைத்துக் கைபேசிகளில் அனுப்பிக்கொள்கிறார்கள். காலைச் சிற்றுண்டியில் விடுதி நடத்தும் அம்மாள் தன் கைபேசியைக் காட்டினார். ஸ்ட்ராபெரி என்ன விலை, புளூபெரி என்ன விலை என்று ஒரு பட்டியல். கூடவே சோரியாவின் இனிப்பு வெண்ணெயை ரொட்டியில் தடவிக் கொடுத்தார். அப்படியொரு வெண்ணெய் நான் சாப்பிட்டதில்லை.

அவர்தான் இடப் பங்கீட்டை ஒரு காகிதத் துண்டில் போட்டுக் காட்டினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த விக்தோர் டி’ஹாண்ட் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை. ஒவ்வொரு கட்சியின் வாக்குகளையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். கிடைக்கும் எண்களில் எவை பெரியவையோ அவற்றுக்கு வரிசையாக இடம்.

கணக்கு வாத்தியாராகவும் வேலை பார்த்தவள் என்பதால் நானே ஓர் உதாரணம் எழுதினேன். இரண்டு இடம் உள்ள மாகாணம். முதல் கட்சி 20,000 வாக்கு, இரண்டாவது 14,000, மூன்றாவது 9,000. முதல் இடம் 20,000-க்கு. அடுத்து 20,000-இன் பாதி 10,000. அதைவிட 14,000 பெரிது. இரண்டாம் இடம் இரண்டாம் கட்சிக்கு. மூன்றாவது கட்சியின் 9,000 வாக்கும் காற்றில் போயிற்று. இரண்டாம் கட்சி 10,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதல் கட்சியே இரண்டையும் அள்ளியிருக்கும்.

இதே கணக்கை 37 இடத்துக்குப் போட்டால் முடிவு வேறு. மாட்ரிட்டில் மூன்று, நாலு சதவீதம் வாங்கினாலே ஓர் உறுப்பினர் கிடைத்துவிடுவார். தொகுதியில் குறைந்தது 3 சதவீதம் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாசல்படி உண்டு. அந்தப் படி உண்மையில் தடுக்கக்கூடிய இடம் மாட்ரிட்டும் பார்சிலோனாவும்தான். சோரியாவில் 20 சதவீதம் வாங்கியும் வெறுங்கையோடு போக நேரும். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று சாசனத்தில் எழுதியிருப்பது பெரிய மாகாணங்களில் உண்மை. சின்ன மாகாணங்களில் இரண்டு பெரிய கட்சிகளின் பங்காளிப் பிரிப்பு.

பலர் டி’ஹாண்டைத் திட்டுகிறார்கள். எனக்கு அவர்மேல் குற்றம் தோன்றவில்லை. வகுத்தல் எங்கும் ஒன்றுதான். எத்தனை இடத்தை வகுக்கிறோம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது, அந்த எண்ணிக்கையோ 1833 எல்லையிலிருந்து வருகிறது. 2008 தேர்தலைப் பாருங்கள். ஐக்கிய இடதுசாரிக்கு நாடு முழுக்கப் பரவலாக 9.69 லட்சம் வாக்கு, கிடைத்தது 2 இடம். பாஸ்க் தேசியக் கட்சிக்கு மூன்றே மாகாணங்களில் செறிந்த 3.06 லட்சம் வாக்கு, கிடைத்தது 6 இடம். பாஸ்க் கட்சி யாரையும் ஏமாற்றவில்லை. தன் வாக்காளர்கள் ஒரே இடத்தில் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது லட்சம் பேர் போய்ப் போட்ட வாக்குக்கு இந்தப் பதிலா என்று மனம் பதைக்கிறது.

இந்த முறை சாசனத்துக்கும் முந்தியது. சர்வாதிகாரி பிராங்கோ 1975 நவம்பரில் இறந்த பின், மன்னர் ஹுவான் கார்லோஸ் நியமித்த அதோல்ஃபோ சுவாரெஸின் அரசு 1977 மார்ச்சில் ஓர் ஆணைச் சட்டமாகக் கொண்டுவந்தது. ஜூன் 15-இல் முதல் தேர்தல். தற்காலிகம் என்று தொடங்கியது சாசனத்தில் ஏறி, 1985 தேர்தல் சட்டத்தில் உறைந்துவிட்டது. நாற்பது ஆண்டு சர்வாதிகாரத்துக்குப் பிறகு உடையாத ஆட்சி வேண்டும், கிராமப்புறத்தின் பழமைப் பிடிப்பும் நாடாளுமன்றத்தில் எடையோடு இருக்க வேண்டும் என்று அன்று நினைத்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. 2023-லும் அதே எடை தேவையா என்பதுதான் புரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. கீழவைக்குப் போடும் சீட்டில் கட்சி அச்சிட்ட பெயர் வரிசையை வாக்காளர் தொடவே முடியாது. ஒரு பெயரை அடித்தாலும் சீட்டு செல்லாது. யார் முதலில், யார் கடைசியில் என்பதைக் கட்சி அலுவலகம் முடிவு செய்கிறது. அந்த மூடிய பட்டியலால் ஒரு நன்மையும் உண்டு என்று மகள் வாதாடினாள். 2007 சட்டப்படி பட்டியலில் ஆண், பெண் இரு தரப்பும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஐந்து ஐந்து பெயராகப் பார்த்தாலும் அந்தச் சமநிலை இருக்க வேண்டும். பெண்களைக் கீழே தள்ளி ஒளிக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

மாலையில் நுமான்சியா இடிபாடுகளுக்குப் போனோம். கி.மு. 133-இல் ரோமப் படை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு வீழ்த்திய குன்று. காற்று பலமாக வீசியது.

ஜூலை 23, ஞாயிறு. சோரியா

காலை எட்டு மணிக்கெல்லாம் விடுதி அம்மாளின் அக்கா மகன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டான். அவன் இருபத்தைந்து வயது மெக்கானிக். எந்தக் கட்சியிலும் இல்லை. வாக்குச்சாவடி மேசைக்குக் குலுக்கலில் அவன் பெயர் வந்திருக்கிறது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். மூவரும் அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வருகிறவர்கள். எழுபது வயதுக்குக் கீழே, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தலைவருக்கு மேல்நிலைப் படிப்பு கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மாற்றாட்கள். தக்க காரணம் இல்லாமல் வராவிட்டால் குற்ற வழக்கு, அபராதமோ சிறையோ உண்டு. படி 70 யூரோ, மறுநாள் வேலையில் ஐந்து மணி நேரம் கழிவு. அரசு ஊழியர் என்ற முறையில் யாரும் மேசையில் உட்கார்ந்து நடத்துவதில்லை. ரொட்டிக் கடைக்காரர், செவிலி, மெக்கானிக், இவர்கள்தான் தேர்தலை நடத்துகிறார்கள். முந்தின நாளே பெட்டியோடு போய்ப் பள்ளிக்கூடத் தரையில் படுத்தெழுந்து பணி செய்தவள் நான். அந்தப் பொறுப்பை ஒரு நாடு தன் சாதாரணக் குடிமக்களிடம் தைரியமாகக் கொடுத்திருப்பதைப் பார்த்துக் கண் நிறைந்தது.

வாக்குப்பதிவு நேரத்தில் உள்ளே போக வாக்காளர்களுக்கும் முகவர்களுக்கும்தான் உரிமை. நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். சுவரோரம் நீள மேசையில் கட்சிவாரியாகச் சீட்டுக் கட்டுகள். கீழவைக்கு வெள்ளை, மேலவையான செனட்டுக்கு இளஞ்சிவப்பு கலந்த மங்கல் நிறம். வேண்டிய கட்சியின் வெள்ளைச் சீட்டை எடுத்து உறையில் போட வேண்டியதுதான். பலர் வீட்டிலேயே உறையில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள், கட்சிகளே வீடுகளுக்குச் சீட்டை அனுப்பியிருக்கின்றன. திரை போட்ட மறைவிடம் ஒன்று இருக்கிறது. கண்டிப்பாக அதற்குள் போக வேண்டும் என்றில்லை. இது எனக்கு ஒப்பவில்லை. எல்லோரும் பார்க்கும் மேசையில் எந்தக் கட்டிலிருந்து எடுக்கிறார் என்று சின்ன ஊரில் கண் பதியாதா? எல்லோரையும் மறைவிடத்துக்குள் அனுப்பினால்தான் பயந்தவர்களுக்கும் மறைவு கிடைக்கும்.

செனட் சீட்டு வேறு மாதிரி. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே தாளில். வாக்காளர் அதிகபட்சம் மூன்று பெயருக்கு நேரே பெருக்கல் குறி போடலாம், கட்சி கலந்தும் போடலாம். தீபகற்பத்து மாகாணம் ஒவ்வொன்றுக்கும் நான்கு செனட்டர். 67 லட்சம் பேருள்ள மாட்ரிட்டுக்கும் நான்கு, 89 ஆயிரம் பேருள்ள சோரியாவுக்கும் நான்கு.

மேசைத் தலைவி அடையாள அட்டையை வாங்கிப் பெயரை உரக்கப் படிக்கிறார். உறுப்பினர்கள் பட்டியலில் தேடுகிறார்கள். கண்ணாடி போலத் தெரியும் பெட்டிக்குள் உறை விழுகிறது. விரலில் மை இல்லை. இயந்திரம் இல்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி, கைத்தடியோடு ஒருவர், விசிறி வீசியபடி இரு கிழவிகள். காலையில் மாட்ரிட்–வலென்சியா அதிவேக ரயில் பாதை வலென்சியா பக்கத்துச் சுரங்கத் தீயால் நின்றுபோய், வாக்களிக்கப் புறப்பட்ட பயணிகள் தவிப்பதாகத் தாழ்வாரம் முழுக்க அதே பேச்சு.

எட்டு மணிக்குக் கதவை அடைத்தார்கள். எண்ணுவது பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்பது சட்டம். தலைவியிடம் அனுமதி கேட்டோம், ஓரமாக நிற்கச் சொன்னார். பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உறையாகப் பிரித்து, கட்சிப் பெயரை உரக்கப் படித்து, சீட்டை எல்லோருக்கும் காட்டுகிறார். மெக்கானிக் பையன் கோடு போட்டுக்கொண்டே போகிறான். ஐந்நூறு சொச்சம் வாக்குதான் அந்த மேசையில். கீழவை முடிந்து செனட் எண்ணும்போது எல்லோர் குரலும் கம்மிவிட்டது. முடிவை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்கள். அதன்பின் நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. செல்லாத சீட்டுகளையும் தகராறுக்குரியவற்றையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்ற சீட்டுகளையெல்லாம் அங்கேயே கிழித்துப் போட்டார்கள். மறு எண்ணிக்கைக்கு வழியே இல்லை. மூன்று குடிமக்களும் சுற்றி நின்ற முகவர்களும் கையெழுத்திட்ட தாள்தான் இறுதி ஆதாரம்.

ஜூலை 24, திங்கள். சரகோசா வழியாக

சோரியாவில் மக்கள் கட்சிக்கு ஒன்று, சோசலிஸ்டுக்கு ஒன்று. காகிதத் துண்டுக் கணக்குப்படியே.

நாடு முழுக்க: மக்கள் கட்சி 136, சோசலிஸ்ட் 122, வோக்ஸ் 33, சூமார் 31. மற்றவை கட்டலோனியா, பாஸ்க் முதலிய மாநிலக் கட்சிகள். பெரும்பான்மைக்கு 176. முதலில் வந்தவரும் வோக்ஸும் சேர்ந்தாலும் 169-தான். பேருந்தில் இரண்டு பேர் தங்கள் தரப்பு ஜெயித்துவிட்டதாக ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். செனட்டில் மட்டும் மக்கள் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை, 120 இடம்.

ஜூலை 25, செவ்வாய். தெருவேல்

சரகோசாவிலிருந்து மெதுவான ரயில். தெருவேலிலிருந்து மாட்ரிட்டுக்கு நேரடி ரயில் கிடையாது. தீபகற்பத்து மாகாணத் தலைநகரங்களில் இந்தக் குறை இதற்கு மட்டும்தான்.

செங்கல்லும் பச்சை வண்ண ஓடும் பதித்த முதேகார் கோபுரங்கள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. நிமிர்ந்து பார்க்கவே ஒரு நாள் வேண்டும். சதுக்கத்தின் நடுவில் தூண்மேல் ஒரு சின்னஞ்சிறு காளை. 2022 ஜூனில் அந்தத் தூண் விழுந்து நொறுங்கியது, மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் வந்தது ‘தெருவேல் எக்சிஸ்தே’வுக்காக. ‘தெருவேலும் இருக்கிறது’ என்று பல ஆண்டுகள் ரயிலுக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போராடிய மக்கள் இயக்கம். 2019 நவம்பரில் அதுவே தேர்தலில் நின்று, மூன்று இடமுள்ள மாகாணத்தில் ஒன்றை வென்றது. தோமாஸ் கிதார்தே என்ற கட்டடக் கலைஞர் நாடாளுமன்றம் போனார். 2020 ஜனவரி 7-இல் சான்செஸ் பிரதமராகத் தேர்வானபோது ஆதரவு 167, எதிர்ப்பு 165. கிதார்தே மாறி வாக்களித்திருந்தால் 166-166. அவருக்கு வந்த அழுத்தமும் மிரட்டலும் கொஞ்சமல்ல. அவர் மாறவில்லை. 2022 பிப்ரவரியில் சோரியாவிலும் ‘சோரியா யா’ என்ற இதே மாதிரி இயக்கம் மாநில அவையில் சோரியாவுக்குள்ள ஐந்து இடங்களில் மூன்றை வென்றது. ரயிலில் பார்த்த பெரியவரின் கேள்விக்கு இந்த இயக்கங்களே பதில். நாலு மடங்கு எடையுள்ள வாக்கும், பெரிய கட்சியின் பட்டியலில் போய் விழுந்தால், அந்தக் கட்சித் தலைமையின் எடையாகத்தான் மாறும். ஊருக்கு மருத்துவர் வரமாட்டார்.

ஞாயிறன்று தெருவேல் எக்சிஸ்தே அந்த இடத்தை இழந்துவிட்டது. அவர்களுக்கு வாக்களித்த காபிக் கடைக்காரப் பெண், “இம்முறை எல்லோரும் சான்செஸா ஃபெய்ஹோவா என்றுதான் பார்த்தார்கள். எங்களை யார் பார்த்தார்கள்?” என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஜூலை 29, சனி. மீண்டும் மாட்ரிட்

இரண்டு மூன்று நாள் எழுதவில்லை. சுற்றியதும் ஓய்வெடுத்ததும்தான்.

வெளிநாட்டில் வாழும் ஸ்பானியர் சுமார் 23 லட்சம் பேர் பட்டியலில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுதிக் கேட்டால்தான் சீட்டு வரும். 2022-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அவர்கள் வாக்குகளைத் தேர்தல் முடிந்த ஐந்தாம் நாளில், நீதிபதிகள் தலைமையிலான மாகாணத் தேர்தல் வாரியங்கள் எண்ணுகின்றன. அது நேற்று. மாட்ரிட்டில் கடைசி இடம் நேற்றிரவு கைமாறிவிட்டது. சோசலிஸ்ட் 122-இலிருந்து 121. மக்கள் கட்சி 137.

ஓர் இடம்தானே என்று விட முடியாது. ஞாயிறு இரவுக் கணக்கில் சோசலிஸ்டும் சூமாரும் வழக்கமாக அவர்களோடு சேரும் மாநிலக் கட்சிகளும் 172. கட்டலோனியாவுக்குத் தனிநாடு கேட்கும் ஜுன்ட்ஸ் கட்சிக்கு 7. அதன் முகமாக இருக்கும் கட்டலோனியாவின் முன்னாள் முதல்வர் புஜ்தெமோன் 2017 முதல் பெல்ஜியத்தில் இருக்கிறார். மீதி எல்லோரும் 171. ஜுன்ட்ஸ் நடுநிலை வகித்தாலே சான்செஸ் 172-171 என்று வந்திருக்கலாம். இன்று கணக்கு 171-172. நடுநிலை போதாது, ஜுன்ட்ஸ் எழுந்து ஆதரவு சொல்ல வேண்டும்.

இனி மன்னரின் வேலை. சாசனத்தின் 99-ஆம் பிரிவுப்படி ஆகஸ்ட் 17-இல் புதிய அவை கூடிய பின் அவர் கட்சிப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராக அழைத்துப் பேசி ஒருவரைப் பிரதமர் வேட்பாளராக முன்மொழிவார். முதல் வாக்கெடுப்பில் 176 வேண்டும். கிடைக்காவிட்டால் 48 மணி நேரம் கழித்து, எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும். அதுவும் தவறினால், முதல் வாக்கெடுப்பிலிருந்து இரண்டு மாதக் கெடு. அதற்குள் யாரும் தேறாவிட்டால் அவையைக் கலைத்து மறுதேர்தல். 2016-லும் 2019-லும் அப்படித்தான் ஆனது. 2016 ஜனவரியில் மன்னர் அழைத்தும் அப்போதைய பிரதமர், மக்கள் கட்சியின் மரியானோ ரஹோய் எனக்கு எண்ணிக்கை இல்லை என்று மறுத்துவிட்டார். முதலில் வந்த கட்சியைத்தான் மன்னர் அழைக்க வேண்டும் என்று சாசனத்தில் எங்கும் எழுதவில்லை. 2018 ஜூன் 1-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ரஹோயை இறக்கி அதே வாக்கால் சான்செஸ் ஏறியபோது அவர் கட்சிக்கு 350-இல் 84 இடம்தான்.

மக்கள் கட்சி அலுவலகம் இருக்கும் தெரு வழியாகத்தான் மாலையில் வந்தோம். ஃபெய்ஹோ தனக்கே முதல் அழைப்பு என்கிறார். சான்செஸ் எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். விடுதி அம்மாள் மகளின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: மறுதேர்தல் வந்தால் மேசைக்கு மறுபடி குலுக்கல், இந்த முறை தன் பெயர் வர வேண்டும் என்று ஆசையாம்.

நாளை மறுநாள் எனக்கு விமானம். ஆகஸ்ட் 17-க்குப் பிறகு நடப்பதை ஊரிலிருந்து பார்த்து எழுதுகிறேன்.